சோலையம்மாளின் இஞ்சிப் பாத்தி

அவையின் தலைமையை ஏற்றிருக்கும் பெரியவர் முத்துராமலிங்கம் அவர்களே! வானத்தைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன பெரியோர்களே! பருத்தி எடுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் ரூத் ஆகிய நான் வணங்குகிறேன்.

இஞ்சியைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் சோலையம்மாளைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் ஒன்றுதான்.

இதே எம்.ரெட்டியபட்டியில், கிணற்றடிச் செம்மண்ணில் இஞ்சி ஊன்றினாள் அந்தக் கைம்பெண். "ஏலே, கரிசக்காட்டுல இஞ்சியாம்ல! அடுத்து ஏலக்காயும் காய்க்கும்!" என்று சிரிக்காத வாய் உண்டா? முந்திய கார்த்திகையிலேயே அவள் வரப்பெங்கும் அகத்தி நட்டிருந்தாள். அதன் இலைகளூடே, சலித்த மாவைப் போல வெயில் மெல்ல இறங்கியது. மண்ணில் ஈரம் தங்கியது. ஆடிக் காற்றிலும் பயிர் பச்சையாக நின்றது. வெட்டவெளியில் ஊன்றிய நாலு கிழங்கோ நுனி கருகி நின்றது. இதைவிடவா சான்று வேண்டும்?

அந்தப் பாத்தி விளைந்தால் அவளுக்கு ஊர். விளையாவிட்டால் கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பின்னால் தேயிலை மலை.

ஆவணியில் காய்ச்சலில் படுத்தாள். படுத்தவர் காட்டை ஊரே பார்ப்பது நம் வழக்கமல்லவா? போனோம். நல்ல மனதோடு போனோம். நிழல் விழுந்தால் பருத்தி காய்க்காது என்றறிந்தவர்கள் நாம்; இஞ்சியையும் பருத்தி என்றே எண்ணினோம். "பாவம், பயிரு இருட்டுல கெடக்கு. வெட்டுங்க!" என்றது ஒரு குரல். அகத்தி அத்தனையும் ஆட்டுக்குப் போயிற்று. ஐந்தே நாள்! இலை சுருண்டது, தண்டு சாய்ந்தது, கிழங்கு சூம்பியது.

எழுந்து வந்தவள் ஏசவில்லை. "ஏந்தாயி, வெயிலத் தொறந்து விட்டுட்டியே" என்றாள். மலைக்குப் போனாள். மலைக்காய்ச்சல் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

யாரது பின்னால்? "வெட்டச் சொன்னது யாரு தாயி?" என்கிறீர்களா? நான்தான். நாலு புத்தகம் படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினீர்கள்.

மலைக்குப் போகும்போது, பிழைத்த கிழங்கில் ஒரு கைப்பிடியை என் மடியில் போட்டாள். அதைத்தான் இந்தச் சித்திரையில் அதே கிணற்றடியில், துளிர்த்த அதே அகத்தியின் கீழ் ஊன்றியிருக்கிறேன். என்ன குருவம்மாள் அக்கா? "எங்க வெள்ளாட்டுக்கு எதப் போட?" என்கிறீர்களா? எங்கள் தோட்டத்து அகத்தி முழுவதும் உங்களுக்கே. அந்தக் கிணற்றடி மரங்களை மட்டும் தை பிறக்கும்வரை விட்டுவிடுங்கள்.

அவையோரே! நாளை நானும் காய்ச்சலில் விழலாம். அப்போதும் உதவிக்கு வாருங்கள்; கட்டாயம் வாருங்கள். அரிவாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வெயிலில் உட்கார்ந்து கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.