எந்தக் கொசோங்?

— மூணையும் ஒரே நேரத்துல அமுக்கணும்க்கா. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட்.

— டிலீட்னா அழிக்கிறதாச்சே ஷாந்தினி! உள்ளே இருக்கிறதெல்லாம் போயிருச்சுன்னா உங்க மாமா வந்து என்னை அழிச்சிடுவாரு.

— அலாமா, ஒண்ணும் அழியாது லா. கதவைத் தட்டுற மாதிரி அது. அமுக்கு.

— அமுக்கிட்டேன். இந்தா, பெட்டி வந்துருச்சு. மறுபடியும் அதே பேரு. அட்மினிஸ்ட்ரேட்டர். யாருடி இவன்? இந்த வீட்டுல நானும் அவரும்தானே இருக்கோம்.

— ஆளு இல்லக்கா. எஸ்டேட்ல பெரிய கிராணி இருப்பாருல்ல? எல்லாச் சாவியும் அவருகிட்டதான். அந்த மாதிரி. பாஸ்வேர்ட் சொன்னாத்தான் உள்ளே விடுவாரு.

— முந்தி விட்டாரே! சும்மா தட்டினாலே தொறந்துச்சு. இந்த மாசம் பூரா ஓவர்டைம், தொடவே நேரமில்ல. இன்னிக்கு லீவு போட்டு உட்கார்ந்தா, பூட்டிக் கிடக்குது. நாளைக்குக் காலையில கிளேபாங் ஆபீஸ்ல டைப்பிங் டெஸ்ட். இன்னிக்கு விரலைப் பழக்கலேன்னா, அங்க போய் நான் என்னத்தைக் கிழிக்கிறது?

— டென்ஷன் ஆகாதே. மாமா என்ன சொன்னாரு? சொன்னதை அப்படியே சொல்லு.

— காலையில லோரி எடுத்துக்கிட்டு மூவார் போறேன்னு கிளம்பினாரு. மத்தியானம் அங்கேர்ந்து போன் பண்ணாரு. ‘என்னங்க, கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேக்குது, என்னதுங்க அது’ன்னேன். ‘கொசோங்’னாரு. லைன் கட்டாயிடுச்சு.

— கொசோங்னா சொன்னாரு? அப்ப ஈஸிதான்! கொசோங்னா காலி. ஒண்ணும் போடாம எண்டரைத் தட்டு.

— ஒண்ணும் போடாம தட்டினா அதுக்கு எப்படிடி தெரியும், நான் ஒண்ணும் போடலேன்னு?

— தட்டுக்கா!

— தட்டிட்டேன். இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது.

— தப்புங்குது. அப்ப நம்பரா இருக்கும். போன் நம்பர் சொல்றப்போ கொசோங் ஆறுன்னு சொல்றோம்ல? அந்தக் கொசோங்கை, சைபரைப் போடு.

— போட்டேன்… ஐயையோ, நான் கொசோங் போட்டா நட்சத்திரம் வருதுடி!

— யாரும் பார்த்துடக்கூடாதுன்னு மறைச்சுக் காட்டும்.

— நான் போட்டதை என்கிட்டேயே மறைக்குதா? நல்ல பெட்டிடி இது. என்னமோ போ.

— இரு அக்கா, நீ தட்டினது ஓ. அது எழுத்து. மேல் வரிசையில, ஒன்பதுக்குப் பக்கத்துல பாரு.

— ரெண்டும் முட்டை மாதிரிதான் இருக்குது. இதுல நான் எதைக் கண்டேன்? இந்தா தட்டியாச்சு. இதுக்கும் திட்டுது.

— அப்போ சொல்லாவே அடிச்சுப் பார்க்கலாம். கே, ஓ, எஸ், ஓ, என், ஜி.

— இந்தக் கேப்ஸ் லாக்குன்னு ஒண்ணு இருக்கே…

— அதைத் தட்டாதே!

— நானும் அதான் நெனச்சேன். லாக்னு போட்டிருக்கு, தட்டினா இன்னும் இறுக்கிப் பூட்டிக்கும்.

— அதுக்கு இல்லக்கா… சரி, எதுக்கோ ஒண்ணுக்கு, தட்டாதே. அடிச்சிட்டியா? எண்டர்?

— எண்டர். ம்ஹும். ஷாந்தினி, ஒருவேளை ஒட்டுக்கடையில நின்னு பேசினாரோ? அவருக்குச் சீனி வியாதி. கடைக்காரன்கிட்ட சீனி போடாதேன்னு ‘தே ஓ கொசோங்’ கேட்டது என் காதுல விழுந்துச்சோ?

— நீ பாஸ்வேர்ட் கேக்கிறே, அவரு தேத்தண்ணி கேக்கிறாரா? தலை சுத்துதுக்கா. ஏன், அந்த வேலை கிடைச்சே ஆகணுமா? கிளவ் ஃபேக்டரியில உனக்கு நல்ல பேருதானே?

— நல்ல பேரை வெச்சு காலுக்கு ஒத்தடம் கொடுக்கவா? இங்க பாரு என் காலை. நரம்பு எப்படிச் சுருட்டிக்கிட்டு நிக்குது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நின்னுக்கிட்டே வேலை. இது உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரே ஒரு ஆளு கேட்டிருக்காங்க. உட்காரணும்னு ஆசைப்படுறது ஒரு தப்பா?

— நான் தப்புன்னு சொல்லலியே. மாமாகிட்ட சொல்லிட்டியா?

— இல்ல. கிடைச்சதும் சொல்லலாம்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

— போன் அடிக்குது! அவராத்தான் இருக்கும். ஸ்பீக்கரைப் போடு.

— ஹலோ, பவானியா? சாப்பிட்டியா புள்ள?

— சாப்பாடு கிடக்கட்டும்ங்க. நீங்க சொன்னது எந்தக் கொசோங்? எல்லாக் கொசோங்கும் போட்டுப் பார்த்தாச்சு.

— எல்லாக் கொசோங்குமா? என்ன புள்ள சொல்றே நீ?

— மாமா, நான் ஷாந்தினி. பாஸ்வேர்ட் கொசோங்னு நீங்க சொன்னதா அக்கா சொல்லுது.

— அட கடவுளே! போன் கார்டு கொசோங் ஆயிடுச்சுன்னு சொல்ல வந்தேன்மா. அதுக்குள்ள கட்டாயிடுச்சு. இப்பத்தான் புதுக் கார்டு வாங்கினேன்.

— கேட்டியாக்கா? கார்டு கொசோங்காம்!

— சிரிக்காதே ஷாந்தினி, எனக்கு ஆத்திரமா வருது. என்னங்க, நிஜப் பாஸ்வேர்டைச் சொல்லுங்க, சீக்கிரம்.

— இன்னிக்கே என்ன அவசரம் புள்ள? நான் வந்து தொறந்து தர்றேனே.

— நீங்க வர்றதுக்குள்ள பொழுது போயிடும். நாளைக்குக் காலையில எனக்கு கிளேபாங்ல டைப்பிங் டெஸ்ட் இருக்குது.

— கிளேபாங்லயா? நீயா?

— ஏன், எனக்கு விரல் இல்லையா? சொல்லுங்கன்னா.

— அது… லோரி நம்பர்தான் புள்ள. நான் ஓட்டின லோரி.

— ஓட்டின லோரியா? ஓட்டுற லோரின்னு சொல்லுங்க… என்னங்க? இந்தக் கார்டும் கொசோங் ஆயிடுச்சா?

— இல்ல. இருக்கேன்.

— அக்கா, மாமாவுக்குப் பின்னால யாரோ நியாலாஸ், நியாலாஸ்னு கத்துறான் பாரு. மூவார்ல ஏது நியாலாஸ் பஸ்ஸு?

— நான் மூவார்ல இல்லம்மா. மலாக்கா பஸ் ஸ்டேஷன்ல நிக்கிறேன். பவானி, எங்க கம்பெனியில முதல்ல ஆபீஸை மூடினாங்க, அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி என்கிட்ட கொடுத்தாங்க. அப்புறம் லோரிங்களையும் வித்துட்டாங்க.

— வித்துட்டாங்களா? அப்ப தினம் காலையில சட்டையை மாட்டிக்கிட்டு எங்க போறீங்க?

— உன் ஃபேக்டரி பஸ்ஸு உன்னை ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் முச்சந்தியில நிப்பேன். அப்புறம் வீட்டுக்கே வந்துடுவேன். இன்னிக்கு நீ லீவு. அதான் இங்க நின்னுக்கிட்டு இருக்கேன்.

— தனியா வீட்டுல என்னங்க பண்றீங்க?

— அந்தப் பெட்டி முன்னாலதான் உட்கார்ந்திருக்கேன். ஸ்டியரிங் பிடிச்ச கை, எழுத்துக் கட்டை மேல நிக்க மாட்டேங்குது. நீ பார்த்தா எல்லாத்தையும் கேப்பேன்னுதான் பூட்டி வெச்சேன்.

— கேக்கத்தானே செய்வேன்! இந்த வயசுல நீங்க எதுக்கு டைப்பிங் பழகணும்?

— நாளைக்குக் கிளேபாங்ல நானும் உட்கார்றேன் பவானி. அதே டெஸ்டுக்கு.