முகங்காட்டித் துறை

சிரிக்க ஒரு கதை சொல்றேன், வயித்தைப் பிடிச்சுக்குங்க. ஆனா சிரிப்பு இப்ப வராது. கொஞ்சம் பொறுக்கணும்.

நம்ம ஓடைக்கு இந்தக் கரை வெள்ளைக்காரனுக்கு, அந்தக் கரை பிரெஞ்சுக்காரனுக்குன்னு இருந்த காலமாம். இந்தக் கரையில மாசிலாமணின்னு ஒருத்தர், ஒத்தைத் தாள்ல பத்திரிகை போட்டுக்கிட்டிருந்தார். ஒருநாள் களத்துமேட்டுல மூணு பேரைப் போலீஸ் சுட்டுது. சர்க்கார் என்ன சொல்லிச்சு? தாசில்தார் மூக்காலயே பேசுவாராம்: "மூவரும் காலராவில் மரணம்." மாசிலாமணி என்ன பண்ணார்? யாருக்கு எங்க குண்டு பட்டுதுன்னு பேரோட அச்சடிச்சார். அச்சுக்கூடத்தை உடைச்சாங்க. வாரண்டு போட்டாங்க. மனுஷன் நிறைமாசப் பொண்டாட்டி ருக்குமணியை விட்டுட்டு ஓடையைத் தாண்டிட்டாராம்.

தாண்டியும் சும்மா இருந்தாரா? இல்ல. அங்கேயும் பத்திரிகை போட்டார். தாள் இந்தப் பக்கம் வந்தா, வச்சிருக்கிறவனுக்கு ஜெயிலு. அதனால வெள்ளிக்கிழமை தோறும் தண்ணி ஓரமா நின்னு முழுப் பத்திரிகையையும் உரக்கப் படிப்பாராம். இந்தப் பக்கம் ஜனம் தாழம்புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் கேட்கும். முகம் தெரிஞ்சா முதுகுல லத்தி விழும். அவர் புதரைப் பார்த்துப் பேசுவார், புதர் பதில் சொல்லும். பொண்ணு பொறந்த சேதியும் அப்படித்தான் அவருக்குப் போச்சாம். புதர் என்ன சேதி சொன்னாலும், "இன்னொரு வாயும் சொல்லட்டும், அப்புறம்தான் அச்சு"ன்னுடுவாராம்.

சிரிப்பு இன்னும் வரல. பொறுங்க.

என் முப்பாட்டன் எட்டியப்பன் கூத்துல சிரிக்க வைக்கிற கட்டியக்காரன் வேஷம் கட்டுறவன். ஊர்ல யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசுவானாம். அந்த வாய்தான் எனக்கும் வந்திருக்காம், வீட்ல திட்டும்போது சொல்லுவாங்க. ஒரு வெள்ளிக்கிழமை ஊரே தேர் பார்க்கப் போயிட்டுது. காவலுக்கு நின்ன போலீஸ்காரன் சாப்பிடப் போயிட்டான். புதருக்குள்ள எட்டியப்பன் மட்டும். அவரைப் பாதி ஓடை வரைக்கும் இழுத்துட்டு, "ஏமாந்தீரா"ன்னு கை தட்டணும். அவ்வளவுதான் நினைச்சானாம்.

மணியக்காரர் கரகரக் குரல்ல ஆரம்பிச்சான்: "யோவ் மாசிலாமணி, உன் வாரண்டு ரத்தாயிடுச்சு. இறங்கி வாய்யா."

அவர் அசையல. இன்னொரு வாய் கேட்டார். வெத்தலை மென்னுக்கிட்டே பேசுற எண்ணெய்க்காரம்மா குரல்ல எட்டியப்பன் சொன்னான்: "நெசந்தான் சாமி, தண்டோரா போட்டாங்க."

ரெண்டு வாய் ஆயிடுச்சு. அப்பவும் அவர் ஒரு கால் தண்ணியில, ஒரு கால் மணல்லன்னு நின்னாராம். மூணாவது வாய் அவர் கேட்கல. இவனா குடுத்தான். ருக்குமணி குரல்ல, மெதுவா:

"என்னங்க, பாப்பா தவழுறா. வந்து பாருங்க."

பத்திரிகைத் தாளை அப்படியே மணல்ல போட்டுட்டு இறங்கிட்டாராம். பாதி ஓடை வந்துட்டார். எட்டியப்பன் கை தட்ட எழுந்திருக்கணும். அந்த முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எழுந்திருக்க முடியல. அதுக்குள்ள சாப்பிட்டுட்டு வந்த போலீஸ்காரன் பார்த்துட்டான். பாதி தாண்டினா வெள்ளைக்காரன் தண்ணி. திரும்பிப் போங்கன்னு கத்தணும்னு எட்டியப்பன் வாயைத் திறந்தானாம். ஊர்க் குரலெல்லாம் இருந்த தொண்டையில அவன் குரல் மட்டும் வரல.

மாசிலாமணி ஜெயில்லேயே காய்ச்சல்ல போயிட்டாராம். அந்தத் தாழம்புதரை எட்டியப்பனே வேரோட வெட்டினான். முள் கிழிச்ச கையோட வெட்டினான்னு சொல்லுவாங்க. இன்னைக்கும் அங்க ஒரு செடி வைக்க விடமாட்டாங்க. அக்கரைக்கு யார் குரல் குடுத்தாலும் முண்டாசை அவுத்து, வெட்டவெளியில நின்னு, முகம் காட்டித்தான் குடுக்கணும். துறைக்கும் அதுதான் பேரு. எங்க வீட்ல அப்புறம் யாரும் வேஷம் கட்டல.

சிரிப்பு எங்கேன்னு கேட்காதீங்க. வர வேண்டிய இடம் இதுதான். போலீஸ்காரன் அவர் கையைக் கட்டும்போது புதருக்குள்ள இருந்து எட்டியப்பன் எழுந்து நின்னானாம். மாசிலாமணி அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால பார்த்தார். மணியக்காரர் இல்ல, எண்ணெய்க்காரம்மா இல்ல, யாருமே இல்ல. போலீஸ்காரன், உன்னை யாருடா கூப்பிட்டதுன்னு அதட்டினான். யாரும் கூப்பிடலைன்னுட்டார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்:

"எட்டியப்பா, பாப்பா தவழுறாளா? அதாவது நிஜமா?"