ஈரலுக்கு ஒரு டிரையர்

— கண்ணை நல்லாத் தொறங்க வீரையா சேட்டா. மேல பாருங்க. எந்தா இது, மஞ்சத் தண்ணி ஊத்தி வெச்ச மாதிரி!

— நைட் ஷிப்டு ரேஷ்மா சிஸ்டர். பேக்டரில தூக்கம் கெட்டா கண்ணு அப்படித்தான் இருக்கும்.

— தூக்கம் கெட்டா செவக்கும். இது காமாலை. தெய்வம்மா சேச்சி, எத்தனை நாளா இப்படி?

— ஒரு வாரமாப் பாக்கறேன் சிஸ்டர். உங்க டிஸ்பென்சரிக்கு இழுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. சோறு எறங்கல. பாட்டில் மட்டும் தடையில்லாம எறங்குது. ரேஷனுக்கு ஒரு நாள் போகச் சொன்னா காலு வலிக்கும், சேரம்பாடி டாஸ்மாக் கடைக்குன்னா பஸ்ஸைத் தொரத்திட்டே ஓடுவாரு.

— சும்மாரு தெய்வம்மா. சிஸ்டர், குடிக்கறேன், இல்லேங்கல. ஆனா மத்தவனுங்க மாதிரி கண்ணுமண்ணு தெரியாமக் குடிக்கறவன் இல்ல நானு. பாதுகாப்போட குடிக்கறேன்.

— எப்படி, ஹெல்மெட் போட்டுட்டா?

— சயன்ஸ் சிஸ்டர், சயன்ஸ்! பொங்கலுக்கு முன்னாடி தோட்டத்துல கேம்ப் போட்டாங்கல்ல. கோயமுத்தூர் டாக்டரு என்ன சொன்னாரு? சர்க்கரை மாத்திரை ஈரலையும் கெட்டுப்போகாமக் காப்பாத்துதுன்னு சொன்னாரா இல்லையா?

— எலிக்குக் குடுத்துப் பாத்ததைச் சொன்னாரு. நானும் அங்கதான் நின்னேன். மனுசனுக்கு இன்னும் உறுதியாகலன்னும் சொன்னாரே?

— அப்ப எனக்கு வடை குடுத்துட்டிருந்தாங்க.

— அது சரி. எலிக்கும் வடைன்னாத்தான் இஷ்டம்.

— கேலி பண்ணாமக் கேளுங்க. பேக்டரில தேயிலைக் கொழுந்தை அரைச்சுப் பரப்பி வெச்சா, காத்துப் பட்டுப் பட்டுச் செவந்துட்டே போகும். விட்டா வீணாப்போயிரும். பதம் பாத்து டிரையர்ல தள்ளிச் சூடு காட்டினா அதோட நிக்கும். சரக்கு உள்ள போனா ஈரலும் அப்படித்தான் கெடுதாம், ஆக்சிஜன் பண்ற வேலை. மாத்திரைதான் அதுக்கு டிரையர். காலமெல்லாம் டிரையர்கிட்ட நிக்கறவன் சிஸ்டர். அந்தக் கூட்டத்துல டாக்டர் பேசினது முழுசா வெளங்கினது எனக்கு ஒருத்தனுக்குத்தான்.

— பேஷ்! ஈரலை டஸ்ட் டீயாக்கி குன்னூர் ஏலத்துக்கே அனுப்பியிருக்கலாம். சரி, உங்களுக்குத்தான் சர்க்கரையே இல்லையே சேட்டா. மாத்திரை யாரு தந்தா?

— அது... ஊட்லயே இருக்குதுல்ல. இவளோடது.

— சேச்சியோட மாத்திரையையா!

— பாட்டில் தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு. இவளுக்குத்தான் நீங்க அள்ளி அள்ளிக் குடுக்கறீங்களே, கொறைஞ்சா போச்சு?

— இனி வெளையாட்டு வேண்டாம் சேட்டா. இப்படிக் குடிக்கறவங்க அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்தத்துல புளிப்பு ஏறி உசுருக்கே ஆபத்தாயிரும். ஆம்புலன்சுக்குச் சொல்றேன், இப்பவே கூடலூருக்குப் போகணும்.

— ஆம்புலன்சா? போட்ட நாள்லேருந்து எனக்கு உள்ள குளுகுளுன்னு இருக்குது சிஸ்டர்! மாத்திரை வேலை செய்யுது!

— ஒரு நிமிசம். சேச்சி, உங்க சர்க்கரை போன வாரங்கூட நல்லாத்தானே இருந்துச்சு? மாத்திரையெல்லாம் இவரு முழுங்கினா அது எப்படி?

— நான் ஒரு வேளை விடாமத்தான் போடறேன் சிஸ்டர்.

— அப்ப இவரு போட்டது?

— முதுகு வலிக்கு நீங்க குடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை. என் மாத்திரை டப்பாவுல இவரு கை வெக்கறதைப் பாத்த அன்னைக்கே அதை அள்ளி அந்த டப்பாவுக்குள்ள மாத்தி வெச்சுட்டேன். என்னோடது பக்கத்து லைன் வரிசைல அங்கம்மா ஊட்ல இருக்கு. காலைல கொழுந்தெடுக்கப் போறப்பவும் திரும்பறப்பவும் அங்க போயித்தான் போட்டுக்கறேன்.

— அடிப்பாவி! அப்ப இத்தனை நாளா நான் ஒண்ணுமே இல்லாமயா குடிச்சேன்? புருசன் ஈரல் வேகுது, ஒரு வார்த்தை சொன்னியாடி?

— சேட்டன் கேக்கறதுல நியாயம் இருக்கு சேச்சி. சொல்லியிருந்தா பயந்தாவது நிறுத்தியிருப்பாரு.

— தெனம் சொல்ல வாயெடுத்தேன் சிஸ்டர். இந்த மனுசன் போயிருவாரோங்கற பயத்துல எனக்கும்தான் தூக்கமில்ல. ஆனா சொல்லியிருந்தா, குடியையா விட்டிருப்பாரு? நேரா அங்கம்மா ஊட்டுக் கதவைல்ல போயித் தட்டியிருப்பாரு!