ஜூலுவுக்கு ஒரு காது, ருஷ்யாவுக்கு ஒரு காது

...இல்ல தம்பி, பழத்த மேல வைக்க முடியாது. பஸ்சு ஒரு ஆட்டு ஆட்டுனா உருண்டு எவன் மண்டையிலயாவது விழும். எனக்கு ஏற்கெனவே ஊர்ல ரொம்ப நல்ல பேரு. மடியிலயே கெடக்கட்டும். முள்ளு குத்துதா? கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்குங்க. காடாம்புலியூர் பலா. சிதம்பரத்துல இருக்குற என் மச்சானுக்கு. பேரு கேக்காதீங்க. அந்தப் பேர வாயால சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணி மூணு வருசமாச்சு.

சண்ட எதுக்குன்னு பாக்குறீங்களா? நெலமில்ல, நகையில்ல. ஜூலு பாஷ ஒசத்தியா, ருஷ்ய பாஷ ஒசத்தியா, அதுக்கு. சிரிங்க, பரவால்ல. நான் அஞ்சாங் கிளாஸ். தமிழ்ல கையெழுத்துப் போட்டாலே பேங்குல இன்னொரு தடவ போடச் சொல்றான்.

எம்பையன் இளவரசு சவுத் ஆப்பிரிக்காவுல, டர்பன்ல, ஒரு மசாலா குடோன்ல வேல பாக்குறான். அங்க சனங்களுக்கு ஜூலு பாஷ. என் மச்சான் பொண்ணு சத்யப்பிரியா ருஷ்யாவுல டாக்டருக்குப் படிக்குது. பொண்ணு தங்கம், அதக் கொற சொல்ல மாட்டேன். பெத்தவன்தான்... அவ போன நாள்லேர்ந்து "என் பொண்ணு ருஷ்யன்ல பேசுறா, ருஷ்யன்ல பரிட்ச எழுதுறா"ன்னு ஒரே பாட்டு. காது காய்ச்சுப் போச்சு.

காதுன்னதும்தான்... அதான் வெவகாரமே. மூணு வருசம் முன்ன ஸ்ரீமுஷ்ணத்துல, மண்டபத்துல, எம்மவ வயித்துப் பேத்திக்கு காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுதான் குத்தணும். தாய்மாமன் யாரு, எம்பையன். அவன் டர்பன் போன புதுசு, லீவு கெடையாது. சரின்னு அவன் எடத்துல என் மச்சான் உக்காந்தான். பட்டு வேட்டி, பெரிய மீச. ஆசாரி வலது காத குத்துனாரு, புள்ள அழுதுச்சு, மச்சான் போன்ல பொண்ணக் கூப்புட்டு, "பாப்பாவுக்கு ருஷ்யன்ல ஏதாவது சொல்லும்மா"ன்னான். அது மைக்குல ஒரு நிமிசம் பேசுச்சு. தண்ணி ஓடுற மாதிரி. மண்டபமே கையத் தட்டுச்சு.

எனக்குப் பொறுக்கல. எம்பையனுக்குப் போன் போட்டு, "டேய், ஜூலுவுல பேசுடா"ன்னேன். வேணாம்ப்பான்னான். உட்டனா? பத்து தடவ சொன்னேன். கடசியில பேசுனான். ட்டக், ட்டக், ச்ச, ச்சன்னு நாக்க மடக்கி ஒரே சொடுக்கு. ஜூலுவுல அப்படி எழுத்து நெசமாவே உண்டு தம்பி, நாக்காலயே தாளம் போடுவாங்க. மண்டபம் கப்புனு அடங்கிடுச்சு. மச்சான் மட்டும் மீசயத் தடவிக்கிட்டு, "என்ன மச்சான், மாப்ள செவல மாட்டப் பூட்டிட்டான் போலருக்கு"ன்னான். ஒரே சிரிப்பு. சமையல்காரன் வரைக்கும் கரண்டியோட வந்து சிரிச்சான்.

நான் என்ன பண்ணேன்... நேராப் போயி அவன் மடியிலேர்ந்து புள்ளயத் தூக்கிட்டேன். இன்னொரு காது பாக்கி. ஆசாரி ஊசியப் புடிச்சபடி நிக்கிறாரு. "மன்னிப்புக் கேட்டாத்தான் மறு காது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆமா தம்பி. மூணு வருசமா எம்பேத்திக்கு ஒரு காதுலதான் கம்மல்.

வேற யாராவது மடியில... அதச் சொல்லாதீங்க, சொல்லாத ஆளில்ல. என் சம்சாரம் மாரியம்மா ஒத்துக்க மாட்டேங்குறா. "எங்கண்ணன் மடியில ஆரம்பிச்சது, எங்கண்ணன் மடியிலதான் முடியணும்"ங்குறா. அவளும் புடிச்சா புடிதான். நானும் சளைக்கல. ஞாயித்துக்கெழமயானா பையனுக்குப் போன் போடுவேன், "ஜூலுவப் பத்தி ஒரு பாயிண்ட் குடுடா". அத மாரியம்மா அவுங்க அண்ணனுக்குச் சொல்லுவா. அவன் பொண்ணக் கேட்டு ஒரு பாயிண்ட் திருப்பி அனுப்புவான்.

ருஷ்யனுக்கு சொந்த எழுத்து இருக்கு, ஜூலுவுக்கு இங்கிலீஷ் எழுத்துதான். அந்தப் பாயிண்ட் எனக்கு அவுட்டு, ஒரு வாரம் சோறு எறங்கல. அடுத்த வாரம், ருஷ்யாவுல பெரியவங்கள மரியாதையா கூப்புடணும்னா அவுங்க அப்பன் பேரயும் சேத்துச் சொல்லணுமாம். சிநேகிதிங்க வெளையாட்டா சத்யப்பிரியாவயும் அப்படித்தான் கூப்புடுதாம். பாருங்க, நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண பேரு ருஷ்யா பூராம் ஒலிக்குது. நானும் உடல. ஜூலுவுல மருமக மாமனார் பேர சொல்லக் கூடாது, அந்தச் சத்தம் வர்ற வார்த்தயக் கூட தொடக் கூடாதாம். "நம்ம வழக்கம்டா அது"ன்னு சொல்லி அனுப்புனேன். இங்க புருசன் பேரு, அவ்ளோதான் வித்தியாசம். எம்பேரு உத்திராபதி. மாரியம்மா வூட்டு உத்திரத்தக் கூட "மேல கெடக்குற கட்ட"ம்பா. ருஷ்யாக்காரி இத செய்வாளா?

வணக்கத்துக்கு ருஷ்யன்ல "நல்லாருங்க"ன்னு அர்த்தமாம். ஜூலுவுல "ஒங்களப் பாத்துட்டோம்"னு அர்த்தமாம். எது ஒசத்தின்னு நாலு மாசம் நடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் நல்லாவும் இல்ல, பாத்துக்கவும் இல்ல.

போன வாரம் பேத்தி ஸ்கூல்ல போட்டோ. ஃபிரேம் போட்டு அனுப்பியிருக்காங்க. எல்லாப் புள்ளைங்களும் நேராப் பாக்குது, இது மட்டும் ஒரு பக்கமா திரும்பி நிக்குது, கம்மல் காது தெரியற மாதிரி. யாரும் சொல்லிக் குடுக்கல. நாலு வயசு. அதுவா திரும்பியிருக்கு.

அந்தப் போட்டோவ பையனுக்கு அனுப்புனேன். பாத்துட்டு போன் பண்ணான். சொல்றான், "அப்பா, அன்னிக்கு நான் இங்க வந்து நாப்பதே நாளு. ஜூலுவுல ஒரு வார்த்த தெரியாது. நீ உடாததால தாத்தா மாடு ஓட்டுற சத்தத்தப் போட்டேன்."

ஆமா தம்பி. எங்கப்பன் மாட்டு வண்டி. செவல மாடு. என் மச்சானும் நானும் அந்த வண்டியிலதான் சின்னதுல சுத்துனோம். அவன் கேலி பண்ணல. கேட்டதச் சொன்னான். அவ்ளோதான். மூணு வருசமா செவல மாட்டுக்காக வக்கீலா நின்னு வாதாடியிருக்கேன், ஜூலுன்னு நெனச்சுக்கிட்டு. அந்த ஜூலு சனங்க கேட்டா என்ன நெனைப்பாங்க...

இப்ப பல்ல இளிச்சிக்கிட்டு அவன் வாசல்ல நிக்கணும். மொதல்ல பேர் சொல்லிக் கூப்புடணும், அதுதான் வாயில வர மாட்டேங்குது. ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன், சரியா வருதான்னு கேட்டுச் சொல்லுங்க... என்ன தம்பி, எழுந்துட்டீங்க? சிதம்பரம்னுதானே டிக்கெட் எடுத்தீங்க, இது முட்லூரு. அட, தம்பி...

சரி, போகட்டும். நானா இருந்தா இதுக்கு முன்னாடி ஆலப்பாக்கத்துலயே எறங்கியிருப்பேன்.

வா பலாப்பழமே, மடிய விட்டு எறங்கி நீ உக்காரு இங்க, காலி சீட்டு. முள்ளு மூஞ்சியப் பாத்தா அவன மாதிரியேதான் இருக்க. கேளு...

சடையப்பா.

பாத்துட்டேன். நல்லாரு. பாப்பாவுக்கு மடிய மட்டும் குடு.