தோர்க்கெல் வாங்கி வராத கேக்

இனிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மணி. கேக்குக்காக ஒருவன் காலை உடைத்தேன் என்று ஊர் சிரிக்கக் கூடாது.

ஸ்வீடனில் யாருக்கு நல்லது நடக்கிறதோ அவர்தானே மற்றவர்களுக்குக் கேக் வாங்கி வர வேண்டும்? உங்கள் காவல் நிலையத்திலும் அதுதான் முறை. எங்கள் கால்பந்துக் குழுவின் உடை, பூட்ஸ் எல்லாம் முப்பத்தோரு ஆண்டுகளாக என் பொறுப்பு. கோல்கீப்பர் ஓலோஃப் தன் நாய் குட்டி போட்டதற்கே கேக்கோடு வந்தான்.

நடுக்களத்தில் ஆடும் தோர்க்கெலுக்கு ஜெர்மன் குழு ஒன்றிலிருந்து அழைப்பு. வயது இருபத்திரண்டு. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து என்றார்கள். செவ்வாயும் புதனும் காப்பி வேளைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான்.

"என்னப்பா, கேக் எங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"கையெழுத்து ஆகட்டும் ரூனே. இப்பவே கொண்டாடினா அலட்டிக்கிற மாதிரி ஆயிடும்ல."

"அடேங்கப்பா, என்ன அடக்கம்டா சாமி" என்றான் ஓலோஃப். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அடக்கத்திலும் இவன்தான் முதல் ஆளா?

சனிக்கிழமை மழை. ஈரத் தரையில் கால் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் நீளமான ஸ்டட்களைத் திருக வேண்டும். "நீங்களே பாத்துப் போடுங்க ரூனே, உங்க கை ராசி" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனான். இடது பூட்ஸில் நீளமானதைத் திருகினேன். வலதில் தேய்ந்துபோன குட்டை. ஜெர்மன்காரர்கள் முன்னால் ஒரு சறுக்கல் சறுக்கினால் போதும், அவனுக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். பதினெட்டாவது நிமிடம் வலது கால் வழுக்கியது. இடது கால் நட்ட இடத்திலேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது, இடது முழங்கால் போனது. இனி அவன் ஆட முடியாது.

போன வாரம் ஊன்றுகோலோடு விடைபெற வந்தான், கையில் நம் ஊரில் விசேஷத்துக்கு வாங்கும் பச்சை நிறக் கேக்.

"உனக்கு நல்லது எதுவும் நடக்கலையேடா" என்றான் ஓலோஃப்.

"ரூனே கேட்டாருல்ல."

கடைசித் துண்டை, மரியாதை கருதி, நம் ஊரில் யாரும் தொட மாட்டார்கள். அதைத் தோர்க்கெல் எடுத்து என் தட்டில் வைத்தான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் எனக்கும் டென்மார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. அன்றே இரண்டு கேக் வாங்கினேன். மறுவாரம் முழங்கால் போனது, இதே இடதுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மணி. முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.