சுடாத துவக்குக்குப் போட்ட கணக்கு

தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் காய்கறி வாங்கிவிட்டு கூசேன்வில் போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருவர். மடியில் முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்தவர் மூத்தவர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஒரு மெஷின்கன் வாங்கலாமெண்டு இருக்கிறன்,” என்றார் மூத்தவர். நான் கைபேசியை அணைத்துவிட்டேன்.

“சுடுறதோ, அத்தான்?”

“சோடிச்சு வைக்கத்தான்ரா. பழைய உலக யுத்தச் சாமான். குழலை அடைச்சுத்தான் விக்கிறாங்கள்.”

“அப்ப துவக்கின்ரை விலையோடை கணக்கை முடிச்சுப்போடாதேங்கோ. அதேயளவு காசு இன்னொருக்கா எடுத்து வையுங்கோ.”

“ஏன், குண்டுக்கோ?”

“சுடாத துவக்குக்கு என்ன குண்டு? சுடாதெண்டு எழுதின செர்த்திபிக்காவுக்கு, கண்ணாடிப் பெட்டிக்கு, பூட்டுக்கு. பிறகு அக்காவுக்கு ஒரு சோடி தங்கக் காப்பு. நான் வாங்கேக்கை மனிசிக்குக் காப்பு வாங்க மறந்துபோனன். என்ரை துவக்கு இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழை, அரிசி மூட்டைக்குப் பின்னாலை கிடக்குது.”

மூத்தவர் சிரித்த சிரிப்பில் முருங்கைக்காய்கள் சரிந்தன.

“அது சரி, அத்தான். ஊரிலை துவக்குக்குப் பயந்து இஞ்சை ஓடிவர, ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனுக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?”

மூத்தவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். “ஐயோ, அந்தக் காசுக்கு மூண்டு துவக்கு வாங்கலாமடா!”

“துவக்கிட்டையிருந்து தப்ப ஏஜென்சி இருந்தது. அக்காவிட்டையிருந்து தப்ப ஒரு ஏஜென்சியும் இல்லை.”

சென் தெனி நிலையத்தில் கதவு திறந்ததும் இருவரும் குதித்து இறங்கி, லா சப்பல் நகைக்கடை பூட்டுவதற்குள் போய்விட எதிர்ப்பக்க ரயிலுக்கு ஓடினார்கள்.