சாம்பியன் பசு களவு போகவில்லை

மேலே கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. கண்காட்சி மாடு வளர்ப்பது எங்கள் தொழில். புகார் கொடுத்திருப்பவர் என் கணவர். திருடன் என்று நீங்கள் பிடித்து வைத்திருப்பவர் எங்கள் தெருக்கோடியில் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் பால்காரர். அவர் திருடவில்லை. பசுவை அவரிடம் கொடுத்தது நான். யாரும் அழைத்து வராமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கண்காட்சி மாடு என்றால் என்ன என்று உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். அது பாலுக்கும் அல்ல, உழவுக்கும் அல்ல, பார்ப்பதற்கு. என் கணவர் அதன் குளம்புக்குப் பாலிஷ் போடுவார், வாலை ஷாம்பு போட்டு அலசி டிரையரில் உலர்த்துவார். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்க மறந்துவிடுவார். தொழில் நன்றாக நடந்த காலத்தில் ஆலை முதலாளிகளும் கட்டட கான்டிராக்டர்களும் காரில் வந்து வாங்கிப் போனார்கள். மாட்டுக்கு எந்தப் பக்கம் தீனி வைப்பது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பங்களா வாசலில் கட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு மந்தம் வந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டன, கான்டிராக்டர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். கை வறண்டதும் மனிதர்கள் முதலில் விட்டது ஜம்பத்தைத்தான். என் கணவர் மட்டும் விடவில்லை. வளர்ப்போர் சங்கத் தலைவர் மேடையேறி, "சந்தை படுத்திருக்கு, சாகல" என்று பேசினார், என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார். தலைவர் தன் மாடுகளை எல்லாம் கசாப்புக்கு எடை போட்டு விற்றுவிட்டுத்தான் அந்த மேடையில் ஏறினார் என்பது என் கணவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகு இந்த ஆண்டுக் கண்காட்சி நடந்தது. எங்கள் பிரிவில் வந்தவை மூன்றே மாடுகள், அதில் ஒன்று நொண்டி. எங்கள் பசுவுக்கு முதல் பரிசு கிடைத்தது. என் கணவர் அழுதார்.

மாலையில் ஏலம் விட்டார்கள். டைல்ஸ் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்த என் கொழுந்தனாரை என் கணவர் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்திருந்தார். "நீ கையைத் தூக்கிக்கிட்டே இரு, மத்தவன் தானா ஏறுவான்" என்று சொல்லி வைத்திருந்தார். கொழுந்தனார் கையைத் தூக்கினார், மற்றவர்கள் யாரும் தூக்கவில்லை. பதற்றத்தில் அவர் மறுபடியும் தூக்கினார். "உங்க விலைக்கு மேல நீங்களே கேக்குறீங்களே சார்" என்றார் ஏலம் விட்டவர். கூட்டம் சிரித்தது. பசு கொழுந்தனார் பெயரில் முடிந்தது, கொண்டு போன அதே லாரியில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. மறுநாள் என் கணவர் டீக்கடையில், வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார் என்று சொன்னார். குப்புற விழுந்தும் அவர் மீசையில் மண் ஒட்டவில்லை.

விற்றுப்போன மாடு வெளியில் தெரியக் கூடாது என்பதால் பசுவைப் பின்கொட்டகையில் கட்டிக் கதவைச் சாத்தினார். மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கண்காட்சிக்கு முந்தின நாளே கறப்பதை நிறுத்தி, பால் சொட்டாமலிருக்கக் காம்பு நுனியில் பசை தடவியிருந்தார். திரும்பி வந்தபோது மடி கல்லாகிக் கொதித்தது, பசு தொடவிடாமல் உதைத்தது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். "டாக்டர் வந்தா மாடு இங்கதான் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். பொறு, தானா வத்திடும்" என்றார். அதன் பிறகு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். முதல் பரிசுக்குப் பாராட்டு என்று சொன்னார்கள்.

அவர் போனதும் நான் பால்காரரைக் கூப்பிட்டேன். அவர் வெந்நீர் கேட்டு வாங்கி, பசையை நனைத்து உரித்து, கறந்து பார்த்தார். பால் திரிதிரியாக வந்தது, பின்னால் ரத்தம் வந்தது. பசு உதைத்ததில் அவர் முழங்கையில் அடிபட்டது. "பொறுத்துக்க தாயி, பொறுத்துக்க" என்று அதனிடம்தான் சொன்னார். பிறகு என்னிடம், "அக்கா, ஊசி போடணும், விடாம கறந்துக்கிட்டே இருக்கணும். இங்க வெச்சா போயிடும்" என்றார்.

"ஓட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

"அண்ணன் வந்து என்ன சொல்வாரோ."

"அவர்தான் வித்தாச்சுன்னு சொல்லிட்டாரே. வித்த மாட்டுக்கு அவர் என்னத்தைச் சொல்றது?"

பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தெரு பார்க்க ஓட்டிப் போனார். நான் விலை எதுவும் வாங்கவில்லை.

அதன் பிறகு என் கணவர் பொன்னாடையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். மாடு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் பார்த்தார்கள் என்றேன். பொன்னாடையை மடித்து வைத்தார். அதன் பிறகு, போலீசுக்குப் போகிறேன் என்றார்.

"களவு போச்சுன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு. சாம்பியன் மாடு பால்காரன் கொட்டகையில நிக்குதுன்னா எவன் என்னை மதிப்பான்?"

"அந்த மனுஷனைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களே" என்றேன்.

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. நீ வாயைத் திறக்காம இரு."

வாங்கியவர் தன் பொறுப்பில் விட்டுப்போன மாடு என்று என் கணவர் புகாரில் சொல்லியிருப்பதாக இங்கே அறிந்தேன். வாங்கியவர் அவர் தம்பி. அவரை அழைத்து விசாரியுங்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது, வந்திருந்தால் ஏலத்திலேயே தெரிந்திருக்கும்.

பால்காரரைக் கறந்துகொண்டிருந்த இடத்திலிருந்து எழுப்பி அழைத்துப் போனதாக அவர் மனைவி வந்து சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "மாடெல்லாம் கத்துது அக்கா, நான் ஒருத்தி எத்தனையைக் கறப்பேன்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் கிளம்பினேன்.

நான் நிலையத்துக்குள் நுழையும்போது என் கணவர் வாசலில் நின்று, "எனக்கு மனசு சரியில்ல, ஏதோ உளறிட்டேன்னு சொல்லிடு, உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றார். அதையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். என் மனசு சரியாக இருக்கிறது.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டியோ குறைத்தோ ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்தது நடந்தபடி. மேல் விசாரணைக்கு நான் வேண்டுமென்றால் பால்காரர் கொட்டகைக்கு ஆள் அனுப்பவும். அவரை நீங்கள் விடும்வரை அவருடைய மாடுகளை நான் கறக்கிறேன்.

(ஒப்பம்)